பெல்விக் பட்டமும் ஏழாம் இலக்கக் கோப்பும்

1. செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது

2023 மார்ச் 7, செவ்வாய்க்கிழமை. காலை 6.35க்கு, இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டேன். பலாறோ சந்தையில் மீன்காரர்கள் பெட்டிகளில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 6.58க்கு வேலை வீட்டு வாசலில் நின்றேன். லிஃப்ட் வேலை செய்தது. 7.05க்கு நான் பராமரிக்கும் முதியவரின் பிறசர் பார்த்தேன்: 138க்கு 82. 7.10க்கு இரண்டு குளிசை, அரைக் குவளைத் தண்ணீருடன். 7.30க்குச் சவரம். 8.00 மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, உப்புப் போட்டு. சீனி போடுவது அந்த வீட்டு வழக்கமில்லை. 8.30க்குக் கோப்பி. ஒன்பது மணியிலிருந்து அவர் ஆங்கிலப் பத்திரிகை வாசித்தார். நான் பக்கத்து அறையில் சேர்ட்டுகளுக்கு இஸ்திரிக்கை போட்டேன். யன்னலால் துறைமுகம் தெரியும். நேப்பிள்ஸ் கப்பல் வந்து கட்டியிருந்தது.

10.40க்குக் கட்டடக் காவலர் நீனோ ஒரு கடிதத்தை மேலே கொண்டுவந்தார்.

"இந்தத் தெருவில மூண்டு பரோன் பட்டக்காரர் இருக்கினம். மூண்டு பேருக்கும் இங்கிலாந்து ராசா கடிதம் போட்டதில்லை. உங்கட ஆளுக்குப் போட்டிருக்கிறார்" என்றார்.

"ராசா இல்லை நீனோ. ராசாவின்ர கந்தோரில வேலை செய்யிற உத்தியோகத்தர்" என்றேன்.

என் பெயர் குணராஜா. அப்போது வயது ஐம்பத்து நாலு. ஊரில் ஆறு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதராக இருந்தேன். பலேர்மோவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. முதல் பதினொரு வருடம் மாடிப்படி கழுவினேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு பதினாலு வருடம் முதியவர்களைப் பார்க்கும் வேலை, அந்த ஒரே வீட்டில். இங்கே புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் குளிசை அட்டவணை எழுதுவது எப்படி, ஒப்பந்தம் வாசிப்பது எப்படி என்று கேட்பார்கள். அவற்றைத் தனியாக எழுதியிருக்கிறேன். இது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியது.

நான் பார்த்த முதியவர் சேர் எட்மண்ட் பெல்விக். அப்போது வயது எண்பத்தைந்து. பலேர்மோவில் பிறந்த ஆங்கிலேயர், தாய் பலேர்மோக்காரி. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் மார்கெரித்தா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மகள் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர்; நான் அவரைச் சினியோரா, அதாவது அம்மணி, என்று கூப்பிடுவேன். அவர்களுடன் நான் பேசுவது இத்தாலியனில். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அன்று சினியோரா மார்கெரித்தா வந்திருந்தார். கடிதத்தை அவர்தான் வாசித்தார். ஒரு பக்கம், மரியாதையான எழுத்து. அனுப்பிய ஆவணங்களின்படி விண்ணப்பதாரர் பிறந்தது 1937 ஆகஸ்ட் 19. பெற்றோரின் திருமணம் 1938 மே 14. திருமணத்துக்கு முன் பிறந்த மகனுக்குப் பெல்விக் குடும்பப் பட்டம் போகாது. பெற்றோர் பிறகு மணம் முடித்திருந்தாலும் போகாது. வேறு ஆவணம் இருந்தால் அனுப்பலாம்.

"அந்தத் தேதி ரெண்டையும் திரும்ப வாசி" என்றார் சேர்.

மகள் திரும்ப வாசித்தார்.

சேர் பத்திரிகையை நாலாக மடித்து முழங்காலில் வைத்தார். "என்ர அம்மா ஒவ்வொரு நாளும் பூசைக்குப் போனவா" என்றார். "அவவைப் பற்றி ஒருத்தன் இப்பிடி எழுதி, ஒரு பிரதியைக் கோப்பிலயும் போட்டிருப்பான்."

"அப்பா, பட்டம் கிடைக்காட்டி என்ன? இவ்வளவு காலமும் அது இல்லாமல்தானே இருந்தனீங்கள்?"

"பட்டம் போகட்டும். இது அங்கை கோப்பில கிடக்குமே."

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. விண்ணப்பத்தை மீளப் பெறுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதும்படி மகளிடம் சொன்னார். அதில் கையெழுத்துப் போட்டார். உறையில் இட்டு ஒட்டி, வாசல் மேசையில் வைத்து, "குணா, நாளைக்குக் காலமை வேலைக்கு வரேக்கை இதைத்தான் முதலில தபாலில போடவேணும்" என்றார்.

"ஓம் சேர்" என்றேன்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அது என்ன என்று சொல்வதற்கு முதல், பட்டத்தின் கதையையும் கோப்புகளையும் சொல்லவேண்டும்.

2. ஏட்டில் இல்லாத இரண்டு பேர்

முதல் நாள் நான் அவரை "சேர்" என்று கூப்பிட்டபோது அவர் திடுக்கிட்டார். "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கணக்குப் படிப்பித்தவரும் சேர்தான், ரியூட்டரியில் மாலை வகுப்பு நடத்துகிறவரும் சேர்தான் என்றேன். பலமாகச் சிரித்தார். "அப்ப இஞ்சை என்னை அப்பிடிக் கூப்பிடுற ஒரே ஆள், தெரியாமல்தான் கூப்பிடுறார்" என்று மகளுக்குச் சொன்னார்.

அவர்களுடைய பட்டத்துக்கு பரோனெட் என்று பெயர். அது பிரபுப் பட்டம் அல்ல. காணி இல்லை, பாராளுமன்றத்தில் கதிரை இல்லை. பெயருக்கு முன் சேர், பெயருக்குப் பின் இரண்டு எழுத்து, அவ்வளவுதான். தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். ஆண்வழி முடிந்தால் பட்டமும் முடியும்.

கதையைச் சேர் ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். முதலாம் ஜேம்ஸ் அரசர் அயர்லாந்தில் படை வைத்திருக்க வழி தேடினார். முப்பது சிப்பாய்களை மூன்று வருடம் பராமரிக்கச் செலவு கொடுப்பவருக்கு இந்தப் பட்டம் என்று அறிவித்தார். முதலாவது பெல்விக் கொடுத்தார், வாங்கினார்.

"வீரம் ஒண்டும் இல்லை, குணா. வாங்கினதுதான்" என்றார் சேர்.

"எங்கட பக்கம் முதலியார் பட்டமும் அப்பிடித்தான் சேர். ஒல்லாந்தரும் குடுத்தவங்கள், பிறகு உங்கட ஆக்களும் குடுத்தவங்கள். வாங்கினவர் போய்ச் சேர்ந்திட்டார். பேரப்பிள்ளையள் வீட்டு வாசல் படலையில எழுதி வைச்சிருக்கினம்."

"படலையிலயோ! எங்களுக்குப் படலையும் இல்லை."

மூன்றாவது பெல்விக் குதிரைப் பைத்தியத்தில் பாதிக் காணியை விற்றார். ஐந்தாவது பெல்விக் பாதிரியார். அவருடைய பிரசங்கம் இரண்டு மணித்தியாலம் நீளுமாம். ஆறாவது பெல்விக்கின் இளைய மகன் எலுமிச்சை வியாபாரத்துக்குச் சிசிலிக்கு வந்து, திரும்பிப் போகவில்லை. முதலாம் உலகப் போரில் இங்கிலாந்தில் இருந்த மூத்த கிளையில் சகோதரர்கள் இரண்டு பேரும் இறந்தார்கள். பட்டம் கடல் கடந்து பலேர்மோவில் எலுமிச்சைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது. கிட்டங்கிக்குச் சொந்தக்காரர் சேரின் தாத்தா.

இங்கிலாந்தில் இந்தப் பட்டங்களுக்கு ஒரு ஏடு உண்டு. தகப்பன் இறந்ததும் மகன் பிறப்பு, திருமண, இறப்பு ஆவணங்களைக் காட்டித் தன் உரிமையை நிறுவவேண்டும். நிறுவினால் பெயர் ஏட்டில் ஏறும். ஏறாதவரை அரசாங்கம் அவரைச் சேர் என்று எழுதாது. தாத்தா நிறுவினார். அடுத்த போர் முடிந்த கையோடு சேரின் தகப்பன் நிறுவாமலே இறந்துபோனார். சேருக்கு அப்போது ஒன்பது வயது. சேர் எழுபது வயதுவரை எலுமிச்சையைக் கப்பலில் ஏற்றினார், ஏட்டை நினைக்கவில்லை.

2022இல் இருதயத்துக்காக ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தபிறகுதான் அந்த ஏட்டுக் கதையை எடுத்தார்.

"என்ர அப்பாவின்ர பேர் அந்த ஏட்டில இல்லை" என்றார். "என்ர பேரும் இல்லை. எனக்குப் பிறகு ஆரும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் இருந்ததே இல்லை எண்ட மாதிரி, அது தாத்தாவோட முடிஞ்சு கிடக்குது."

"நான் ஒருத்தி இருக்கிறன்" என்றார் சினியோரா மார்கெரித்தா.

"நீ பொம்பிளை."

"ஓம், பட்டம் பொம்பிளையளுக்கு வராது. படிவம் மட்டும் வரும்."

படிவம் அவரிடம் வந்தது. அவர் அதை என்னிடம் தந்தார்.

3. எட்டுக் கோப்புகள்

நான் ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதுவதைச் சேர் கண்டிருந்தார். "இந்தக் குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லாத குணம் உங்களிட்டை இருக்கு" என்று சொல்லி, இரண்டு பிஸ்கட் தகரங்களையும் ஒரு மேசை லாச்சி நிறையத் தாள்களையும் என் முன்னால் வைத்தார். 2022 ஒக்ரோபர் 11 தொடக்கம் டிசம்பர் 2 வரை, மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை அதுதான் என் வேலை. தாள்களை எட்டுக் கோப்புகளாகப் பிரித்தேன். தாத்தாவுக்கு ஒன்று, தகப்பனுக்கு இரண்டு, தாய்க்கு ஒன்று, சேருக்கு ஒன்று, லண்டன் கடிதங்களுக்கு ஒன்று, ஏழாம் இலக்கம் 'மற்றவை', எட்டாம் இலக்கம் வாசிக்க முடியாதவை.

தாயின் தாள்களில் திருமணத்தைப் பற்றி இரண்டு இருந்தன.

ஒன்று கோயில் தாள். தடித்த கடுதாசி, லத்தீன் எழுத்து, ஆயரின் முத்திரை, ஓரத்தில் பொன் கோடு. 1938 மே 14. அந்த நாளில் எடுத்த படம் நடைபாதைச் சுவரில் தொங்குகிறது: நீளமான முக்காடு, கையில் லில்லிப் பூ. அந்த வீட்டில் தாய் இருந்தவரை ஒவ்வொரு மே 14உம் கேக் வெட்டினார்களாம். நாளைக் கொண்டாடினார்களே தவிர, எத்தனையாவது வருடம் என்று ஒருவரும் எண்ணவில்லை.

மற்றது மாநகரசபைத் தாள். மெல்லிய சாம்பல் கடுதாசி, நாலாக மடித்தது, ஒரு மூலை கிழிந்தது. 1936 நவம்பர் 9, திங்கட்கிழமை. மணமகன் பெயர், மணமகள் பெயர், அவருக்கு வயது இருபத்திரண்டு, இரண்டு சாட்சிகள்.

அதை வாசித்ததும், 'இது எழுத்து' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் வெளிநாட்டில் இருப்பவருக்குக் கலியாணம் பேசினால் முதலில் பதிவு நடக்கும். அதை எழுத்து என்போம். பதிவாளர் முன்னால் கையெழுத்து, ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். பெண் தன் தாய்வீட்டுக்கே திரும்பிப் போவாள். விசா வந்தபிறகு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, ஐயர் வந்து தாலி கட்டினால்தான் கலியாணம். எனக்கு எழுத்து 2001 பெப்ரவரியில் கொழும்பில் நடந்தது. கலியாணம் 2002 யூனில் நல்லூரில். கலியாண நாள் எது என்று கேட்டால் நானோ என் மனைவியோ எழுத்து நாளைச் சொன்னதில்லை. ஆல்பத்தில் அதன் படமே இல்லை.

படிவத்தில் பெற்றோரின் திருமணத் தேதி கேட்டிருந்தார்கள். நான் கலியாணத் தேதியை எழுதினேன். கோயில் தாளை இணைத்தேன். சாம்பல் தாளை, நாய்க்கு எடுத்த அனுமதிப் பத்திரம், அம்மைப்பால் அட்டை, கப்பல் சீட்டு இவற்றுடன் ஏழாம் கோப்பில் வைத்தேன்.

இடையில் பிள்ளை பிறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். கவனித்தேன். எங்கள் ஊரென்றால் நாலு பேர் வாய்க்கு அவல். ஆனால் எழுத்து முடிந்துவிட்டது, ஆகவே குற்றமில்லை என்று எண்ணினேன். சேருக்குத் தன் பிறந்த தேதி தெரியும், தாய் தகப்பன் கதையும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் அறிந்ததை அவர் முன்னால் எடுத்துப் பேசி ஒரு வயதான மனிதரைக் கூசவைக்க எனக்கு மனமில்லை. பேசாமல் இருந்தேன். சினியோரா மே 14ஐப் பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். சேர் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

மார்ச் 7 அன்று எனக்கு விளங்காதது இதுதான். எழுத்து முன்னமே நடந்திருக்க, இவர் ஏன் இப்படித் துக்கப்படுகிறார்? ஒருவேளை ஆங்கிலச் சட்டத்தில் எழுத்து செல்லாதோ? செல்லாது என்றால், அதைப் பற்றிக் கதைத்து நோவை ஏன் கூட்டுவான் என்று அன்றும் வாயை மூடிக்கொண்டேன்.

4. கலா கேட்ட கேள்வி

இரண்டு மணிக்கு இடைவேளை. வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கலா காலையில் ஒரு விடுதியில் அறை துப்பரவாக்கிவிட்டு வந்து, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"லண்டனில இருந்து ஏலாது எண்டு கடிதம் வந்திட்டுது. சேர் தாய் தேப்பன்ர கலியாணத்துக்கு முன்னம் பிறந்தவராம்."

"கடவுளே! எண்பத்தைஞ்சு வயசில கேக்கிற கதையோ இது? மனிசன் என்ன சொன்னார்?"

"ஒண்டும் பெரிசா இல்லை. சாப்பிடேல்லை. நாளைக்கு விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறாராம்."

"பாவம் அந்தத் தாய்."

"எழுத்து எண்டால் முந்தியே முடிஞ்சிருக்கு. அது அவங்களுக்குச் செல்லாது போல."

கத்தி நின்றது. "எந்த எழுத்து?"

சாம்பல் தாளைப் பற்றிச் சொன்னேன். நவம்பர் 9 என்றேன். ஆகஸ்ட் 19 என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"ஒன்பது மாசம் பத்து நாள். தேப்பன் கெட்டிக்காரர்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிற்பாட்டினாள். "அந்தத் தாளை லண்டனுக்கு அனுப்பினியளோ?"

"இல்லை. அவங்கள் கேட்டது கலியாணம். நான் கலியாணத் தாளை அனுப்பினன்."

"இஞ்சேருங்கோ, நான் இஞ்சை எப்பிடி வந்தனான்?"

"பிளேனில."

"பகிடியை விடுங்கோ. எனக்கு விசா எடுக்க எம்பசியில என்னத்தைக் காட்டினனீங்கள்? தாலியையோ?"

"தாலி அப்ப எங்கை? எழுத்தைத்தான்."

"அப்ப அரசாங்கத்துக்குக் கலியாணம் எது?"

நான் கதிரையில் இருந்தேன்.

"நல்ல காலம், எங்கட வீட்டுப் படிவமெல்லாம் நான் நிரப்புறது" என்றாள் கலா. "நீங்கள் நிரப்பியிருந்தால் நான் இப்பவும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில பெட்டியோட நிண்டிருப்பன். சாப்பிட்டிட்டு ஓடுங்கோ."

நான் சாப்பிடவில்லை.

5. நாலு மணி

நாலு மணிக்குத் திரும்பவும் சேர் வீட்டில் நின்றேன். அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. டொக்டர் வந்து ஊசி போட்டு நித்திரையாக்கிவிட்டுப் போயிருந்தார். சினியோரா குசினியில் அடுப்படியில் நின்றார். நான் ஏழாம் கோப்பை எடுத்து வந்து, சாம்பல் தாளை மேசையில் விரித்தேன்.

அவர் நின்றபடி வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார்.

"இது எங்கை கிடந்தது?"

"ஏழாம் கோப்பில. நான்தான் வைச்சனான். உங்கள் எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சன்."

"ஒருத்தருக்கும் தெரியாது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தரம் முடிச்சிருக்கினம். மாநகரசபையில ஒருக்கா, கோயிலில ஒருக்கா. என்ர அப்பப்பா அங்கிலிக்கன், இங்கிலாந்துத் திருச்சபைக்காரர். கத்தோலிக்கப் பொம்பிளையை முடிக்க ஆயர் அனுமதி வேணும். அது வர ஒண்டரை வருசம் ஆகியிருக்கு. அப்பம்மா இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை."

நான் நடந்ததைச் சொன்னேன். எழுத்து, கலியாணம், என் எண்ணம், என் மௌனம் எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் அதில கையெழுத்துப் போட்டனான், குணா. ஒரு வரி வாசிக்காமல் போட்டனான்" என்றார்.

அவர் தாளை நீவிக் கோப்பின்மேல் வைத்தார்.

"அப்பாவுக்கு நாளைக்குச் சொல்லுவம்" என்றார். "லண்டன்காரர் ஒரு தாளைத் தவறவிட்டிட்டினம், இப்பதான் கண்டுபிடிச்சவை எண்டு சொல்லுவம். அவருக்கு உங்களிலயும் கோபம் வராது, என்னிலயும் வராது."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஐம்பத்து நாலு வயதில் இந்த வேலை போனால் அடுத்த வீடு லேசில் கிடைக்காது. முதியவர்களைத் தூக்கி இருத்த இளம் ஆட்களைத்தான் கேட்பார்கள். தண்ணீர் குடித்தேன். குவளையைக் கழுவி வைத்தேன்.

"சினியோரா, பிழையே விடாத ஒரு ஆளைப் பற்றி அவர் இண்டைக்கு முழுக்கப் பிழையா நினைச்சுக்கொண்டு கிடக்கிறார். அது தன்ர தாய். நாளைக்கு லண்டனில பிழையே விடாத இன்னொருத்தனையும் அப்பிடி நினைக்கவேணுமோ?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. எனக்குத் தைரியமில்லை."

"நான் சொல்லுறன்."

அவர் வாசல் மேசைக்குப் போய், ஒட்டியிருந்த உறையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். "இது என்னோட இருக்கட்டும். அவர் கேட்டால் தபால் போயிட்டுது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

6. நான் இப்போது கேட்கும் கேள்வி

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகரசபையில் எடுத்த உறுதிப்படுத்திய பிரதி மார்ச் மாதமே லண்டனுக்குப் போனது. ஒரு மொழிபெயர்ப்பும் ஒரு சத்தியக் கடதாசியும் கேட்டார்கள். அனுப்பினோம். நவம்பரில் தகப்பன் பெயரும் மகன் பெயரும் ஏட்டில் ஏறின. அடுத்த வருடம் மே மாதம் சேர் காலமானார். பட்டம் அவருடன் முடிந்தது.

நான் இப்போது சினியோராவின் சிநேகிதி ஒருவரின் தகப்பனைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். தம்பதிகள் வந்து இருந்தால் முதலில், "ரெண்டு பேரும் எத்தினை தரம் கலியாணம் முடிச்சனீங்கள்?" என்று கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். ஒரு பெண், "அண்ணை, இவரை ஒருதரம் முடிச்சதே போதும்" என்றாள். ஆனால் இரண்டு தேதி இருந்தால் இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி, எது எந்தக் கந்தோருக்கு என்று பார்த்தபிறகுதான் பேனையைப் படிவத்தில் வைக்கிறேன்.

மற்றது, வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு. நாங்கள் அடுத்தவர் வீட்டில் பலதையும் காண்கிறோம். கண்டதை வெளியே கதைக்காமல் இருப்பது எங்கள் தொழிலுக்கு ஒழுங்கு. அந்த வீட்டுக்காரரிடமே கதைக்காமல் இருப்பது வேறு. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் தீர்மானிக்கக்கூடாது. தாளை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டால், தெரியுமா தெரியாதா என்று அவரே சொல்லுவார். நான் ஒக்ரோபரில் செய்யவேண்டியதை மார்ச்சில் செய்தேன்.

கடிதம் வந்த மறுநாள், மார்ச் 8, புதன்கிழமை, 6.58க்கு வாசல். பிறசர் பார்க்கவில்லை, குளிசை எடுக்கவில்லை. முதலில் யன்னல் கதவைத் திறந்து, சேரை நிமிர்த்தி இருத்தி, சாம்பல் தாளையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

அவர் வாசித்து முடிக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது.

"ஏன் எனக்கு அப்பவே காட்டேல்லை?"

"உங்களுக்குத் தெரிஞ்ச விசயத்தை எடுத்து உங்களை வெக்கப்படுத்தக்கூடாது எண்டு நினைச்சன் சேர்."

"வெக்கம்" என்றார். "அம்மாவும் அதுக்குத்தான் இதை மடிச்சு வைச்சிருக்கிறா. அவவின்ர வீட்டாக்களுக்கு மாநகரசபைக் கலியாணம் ஒரு கலியாணமே இல்லை. ஆயர் அனுமதி வரும்வரைக்கும் தங்கட மேசையில இருக்க விடேல்லை எண்டு ஒருக்காச் சொன்னவா. ஏனெண்டு நான் கேக்கேல்லை." திரும்பவும் கண்ணாடியைத் தாளின்மேல் பிடித்தார். "சாட்சி ரெண்டு பேரைப் பாருங்கோ. ஒருத்தர் அப்பாவின்ர கிட்டங்கியில வேலை செய்தவர். மற்றவர் மாநகரசபைக் காவல்காரன். அவவின்ர பக்கம் ஒருத்தரும் வரேல்லை, குணா. தனியப் போயிருக்கிறா."

"ஓம் சேர்."

"நேரமும் எழுதியிருக்கு. காலமை ஒன்பது பத்து." தாளை மடிக்காமல் மடியில் வைத்தார். "உங்களில எனக்குக் கோபம் இருக்கு. அதைப் பின்னேரம் கதைப்பம். இப்ப முகத்தை வழிச்சுவிடுங்கோ. கழுத்துக்கு நீல ரை எடுங்கோ. மாநகரசபையில பிரதி எடுக்க நானும் வாறன்."

நாலு மாதமாகக் கீழே இறங்காத மனிதர். 8.35க்குச் சக்கரக் கதிரையை லிஃப்டில் ஏற்றினேன். அன்று பெண்கள் தினம். பலேர்மோவில் அன்றைக்கு ஒவ்வொரு சந்தியிலும் மஞ்சள் மிமோசாப் பூ விற்பார்கள். ஆண்கள் வாங்கி வீட்டுப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். முதல் சந்தியில் சேர் கையைத் தூக்கி என்னை நிற்கச் சொன்னார். இருந்ததில் பெரிய கொத்தைத் தெரிந்தெடுத்தார்.

"சினியோராவுக்கோ?" என்று கேட்டான் பூக்காரன்.

"என்ர அம்மாவுக்கு."

பூக்காரன் அவருடைய நரைத்த தலையையும் கதிரையையும் பார்த்தான். "அம்மா இருக்கிறாவோ! எத்தினை வயசு?"

"இருபத்திரண்டு" என்றார் சேர். "தள்ளுங்கோ குணா, ஒன்பது பத்துக்கு அங்கை நிக்கவேணும்."